நாற்பது நிமிட நீர்நாய்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் அக்காவுடையது. "எழுத்துப் பிழை மட்டும் பாரு. வேற எதையும் தொடாத" என்று என் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான்கே வரிகள். பிழை எதுவும் இல்லை. அவள் குளித்து முடிப்பதற்குள் அடுத்த தாளில் நான் இதைத் தொடங்கியிருந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"விடியலின் பொன்னொளியில் ஆறு கண் விழித்தபோது, நீர்நாய் ஒன்று தன் துணையோடு —"

விட்டுவிட்டேன். அந்தத் துணை இருக்கிறதா என்பதுதான் கதையே. நான் முதல் வரியிலேயே கல்யாணம் பண்ணி வைத்துவிட்டேன்.

2

அக்காவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் சாலையோ பாலமோ வரப்போகிறது என்றால், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்களுக்கு அதனால் என்ன ஆகும் என்று பார்த்து அறிக்கை எழுதுவது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மற்றவர்களைத் திட்டுவார்கள். அக்காவுக்கு அது உத்தியோகம்.

இந்த முறை பாலம். ஆற்றுக்கு அக்கரையில் வீடுகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி இக்கரையில். நடுவே ஒரு படகு. இரண்டு கரையும் நெருங்கி வரும் இடத்தில்தான் பாலம் போடத் திட்டம். அங்கேதான் நாணல் அடர்ந்திருக்கிறது, கரை மரங்களின் வேருக்கடியில் வளைகள் இருக்கின்றன, பாறைமேல் மீன் செதில் கலந்த நீர்நாய் எச்சமும் இருக்கிறது.*

அக்கா இரண்டு கேமராக்களைக் கட்டினாள். ஒன்று ஆற்றின் வளைவுக்கு மேலே, ஒன்று கீழே. இடையில் ஒரு கிலோமீட்டர் தண்ணீர். ஏதாவது அசைந்தால் கேமரா தானே படம் எடுக்கும், படத்தின் அடியில் நேரத்தைப் பதிக்கும்.

ஒருநாள் காலை இரண்டிலும் நீர்நாய். இரண்டிலும் நேரம் ஆறு பத்து.

ஒரே பிராணி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே இரண்டு. அக்காவின் அலுவலக விதிப்புத்தகத்தில் ஒற்றை நீர்நாய் என்றால் வழிப்போக்கன், இரண்டு என்றால் குடும்பம். வழிப்போக்கனுக்காக யாரும் பாலத்தை நகர்த்துவதில்லை. குடும்பத்துக்காக இரண்டு கிலோமீட்டர் மேலே நகர்த்தியாக வேண்டும். அக்கா அப்படியே வரைவு அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை சிரித்தாள். அவள் அதிகம் சிரிப்பவள் அல்ல.

(* எச்சம் நல்ல வாசனை என்கிறாள். நான் முகர்ந்ததில்லை. அவள் சொன்னபடி எழுதுகிறேன்.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாலம் கட்டும் பொறியாளர் கைவசம் இருந்தார்.

"அந்தப் பொறியாளரின் கண்களில் இரக்கத்தின் சாயலே —"

இந்த இடத்தில் அக்கா தலையில் துண்டோடு வந்து என் தோளுக்கு மேலே படித்தாள்.

"அவர் கண்ண நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"நானே பாத்ததில்ல. கண்ணுல ஆபரேஷன் பண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கார். பாத்தா எழுது, இல்லன்னா எழுதாத."

இது அவளுடைய களக்குறிப்பேட்டின் விதி. என்மேல் சின்ன வயதிலிருந்தே அமலில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் புலி இருக்கிறது என்று நான் அழுத அன்று, டார்ச்சை என் கையில் கொடுத்து, "எத்தனை புலின்னு எண்ணிட்டு வா" என்றவள் அவள்.

ஆகவே வில்லன் ரத்து. அக்கா சொன்னதிலிருந்து மீதியை எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் அவரைப் பாலம் சார் என்போம். அவர் அக்காவை நீர்நாய் மேடம் என்பார். பார்க்கும்போதெல்லாம், "உங்க சொந்தக்காரங்க சௌக்கியமா?" என்று ஆற்றைக் கை காட்டிக் கேட்பார். வரைவு அறிக்கையால் அவருடைய ஒன்பது மாத வரைபட வேலை வீணாயிற்று. சண்டை போடவில்லை. "ரெண்டுன்னா ரெண்டு மேடம். குடும்பத்தப் பிரிச்ச பாவம் எனக்கெதுக்கு" என்றாராம்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றும் சொல்லியிருக்கிறார். போன மழைக்காலத்தில் அக்கரையில் ஒரு பெண் பிரசவ வலியோடு படகுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பாலம் இடம் மாறினால் இன்னும் ஒன்றரை வருடம் தள்ளிப்போகும். அவர் இதை அக்காவை நெருக்குவதற்காகச் சொல்லவில்லை. (இந்த வாக்கியத்தை அடிக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அது நான் பாத்தது" என்றாள்.)

4

இனி தவறு.

அறிக்கையின் அட்டைக்கு ஒரு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தாள் அக்கா. கீழ்க் கேமராவின் படங்களை முதலிலிருந்து புரட்டினாள். முதல் படம் அவளுடைய முகமேதான். கேமராவைக் கட்டி முடித்ததும் தானாக எடுத்தது. மூக்கு மட்டும் பெரிதாக, நெற்றியில் ஒரு கொசு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

படத்தின் அடியில் ஒன்பது பத்து என்று இருந்தது. அவளுடைய குறிப்பேட்டிலோ, கீழ்க் கேமரா கட்டியது ஒன்பது ஐம்பது.

நடந்தது இதுதான். அன்று ஜீப்பில் உட்கார்ந்து புதுப் பேட்டரி போட்டாள். கேமரா நேரம் கேட்டது. மணியைப் பார்த்து ஒன்பது பத்து என்று கொடுத்தாள். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் ஜீப் கதவுக்கு வெளியே ஒரு மீன்கொத்தி. அக்கா இறங்கிவிட்டாள். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்து, கரையில் மரத்தில் கட்டிய பிறகு, பொத்தான் அழுத்தாதது நினைவுக்கு வந்து அழுத்தினாள். நேரத்தை மறுபடி பார்க்கவில்லை.

கீழ்க் கேமராவின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆறு பத்து என்றால் உண்மையில் ஆறு ஐம்பது. மேல் கேமராவிலிருந்து ஒரு கிலோமீட்டர் நீந்தி வர, நடுவே ஒரு மீனும் தின்ன, ஒரு நீர்நாய்க்கு நாற்பது நிமிடம் தாராளம்.

ஒரே ஒரு நீர்நாய்க்கு.

அக்கா லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்த் துணி மடித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை.

5

நான் கதாசிரியை. என்னிடம் முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

முடிவு அ: அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாணல் பிழைத்தது. பாலம் மேலே போனது. அடுத்த மழைக்கும் அக்கரையில் யாரோ ஒருத்தி படகுக்காக —

முடிவு ஆ: அவள் உண்மையைச் சொன்னாள். அதே கணம் வேர்களுக்கிடையிலிருந்து நீர்நாயும் அதன் துணையும் மூன்று குட்டிகளும் வரிசையாக வெளியே வந்து —

இரண்டையும் அக்கா பென்சிலால் அடித்தாள். அ-வின் ஓரத்தில், "நான் இப்படியா?" என்று எழுதினாள். ஆ-வின் ஓரத்தில், "குட்டி மூணுன்னு யாரு எண்ணுனது?"

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு ஆசை இல்லையாக்கா, ரெண்டா இருக்கணும்னு?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ஆசை இருந்ததாலதான்டி அன்னைக்கு நேரத்த சரி பாக்கல. ரெண்டுன்னு வந்ததும் சந்தோஷமாயிடுச்சு. ஒண்ணுன்னு வந்திருந்தா பத்து தடவை பாத்திருப்பேன்."

இந்தக் கதையில் என் வாக்கியம் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆகவே இந்தப் பகுதியை இங்கேயே முடிக்கிறேன்.

6

இனி எழுதுவதெல்லாம் நான் பார்த்தது.

தவறு தெரிந்த மறுநாளே அக்கா இரண்டு கேமராக்களையும் சரியான நேரம் வைத்து மறுபடி கட்டினாள். பத்து நாள். நேற்று கழற்றி வந்தாள். இரண்டு கேமராக்களின் படங்களும் லேப்டாப் பக்கத்தில் இரண்டு சின்ன கார்டுகளில் இருக்கின்றன. இன்னும் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். முதலில் கடிதம் போகட்டும் என்றாள். கார்டில் இரண்டு இருந்தால் கடிதம் எழுதுவது சுலபம். ஒன்றுதான் இருந்தால் அனுப்பத் தைரியம் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடிதம் இது:

"கீழ்க் கேமராவின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் இருந்தது. இரண்டு நீர்நாய்கள் என்ற என் முடிவு அதனால் நிற்காது. தவறு என்னுடையது. புதிய படங்களைப் பார்த்து எண்ணிக்கையைத் திருத்தி அனுப்புகிறேன்."

'தவறு என்னுடையது' என்பதைக் கொஞ்சம் மெத்தென்று மாற்றித் தரட்டுமா என்றேன். தொடாதே என்று முதலிலேயே சொன்னேனே என்றாள். அலுவலகத்துக்கும் பாலம் சாருக்கும் அனுப்பினாள். அனுப்பிய கையைச் சற்று நேரம் என் மடியில் வைத்திருந்தாள்.

அலுவலகம் பதில் சொல்லவில்லை. பாலம் சாரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நிதானமா எண்ணுங்க மேடம். படகு இன்னும் ஓடுது."

அக்கா அதை மூன்று முறை படித்தாள். பிறகு முதல் கார்டைச் செருகினாள். மொத்தம் ஆயிரத்து எழுநூறு படங்கள். முதல் நூறு வெறும் நாணல், காற்றில் ஆடுவது. ஒரு கொக்கு. பிறகும் நாணல். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, பாதி பாதி உட்கார்ந்திருக்கிறோம். அக்காவின் ஈரத்தலை என் தோளில் சொட்டுகிறது. இருநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் தண்ணீரில் ஒரு கோடு, யாரோ இப்போதுதான் உள்ளே போன மாதிரி.

அவள் விரல் அடுத்த படத்துக்கான பொத்தானில் இருக்கிறது. நான் இங்கே பேனாவை வைக்கிறேன். மிச்சத்தை நான் பார்த்த பிறகு எழுதினால் அது அறிக்கை. பார்க்காமல் எழுதினால் அக்காவிடம் பென்சில் இருக்கிறது.

நீங்கள் எண்ணுவதானால் எண்ணுங்கள். எது வந்தாலும், ஆசைப்பட்டதே வந்தாலும், முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.