அறைக்கு ஒரு அர்த்தம்

இனி வருவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் இன்றே கொட்டிப்போகட்டும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது மானப்பிரச்சினை. கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலி. இங்கிலீஷ் பரீட்சையில் முதலில் வருபவருக்கே அது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போட்டியில் இருந்த ஒரே ஆள் அவர் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. ஸ்பானர் பிடிக்கக்கூட இவரிடம் கற்றவன். நாளைக்கு அவனைப் போய் 'சார்' என்பதா?

ஆனால் இந்த இங்கிலீஷ், ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தத்தோடு அடங்க மாட்டேன் என்றது. ஓடினாலும் 'ரன்', குழாயில் தண்ணீர் வந்தாலும் 'ரன்', கடை நடத்தினாலும் 'ரன்'.

"தேர்தல்ல நிக்கிறதுக்கும் அதேதானாம்" என்று தலையில் கைவைத்தார். "நிக்கிறவன் எப்படிடி ஓடுவான்?"

"அத்தனையும் ஒரே மண்டையில திணிச்சா அது என்னதான் பண்ணும்?" என்றாள் மனைவி. "அறைக்கு ஒண்ணா வைங்க."

வைத்தார். மாடிப்படியில் ஏறி இறங்கி ஓட்டத்தைப் படித்தார். தண்ணீரைச் சமையலறையில், கடையைக் கூடத்தில், தேர்தலைப் பால்கனியில் கும்பிட்டபடி. 'ரெஸ்ட்' என்றால் சமையலறையில் மிச்சம், கட்டிலில் ஓய்வு. ஒரே மாதத்தில் வீடே அகராதியாகிவிட்டது.

பரீட்சையன்று கம்பெனியில் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. எல்லாம் வீட்டில், அதனதன் அறையில் பத்திரமாக இருந்தன. எழுந்து நின்றார்.

"சார், சமையலறை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

மேற்பார்வைக்கு வந்தவர் கண்ணாடியை இறக்கினார். "பாத்ரூம்னா விடலாம். சமையலறை பத்தி விதியில எதுவுமே இல்லையே."

"போகக் கூடாதுன்னும் இல்லையே சார்."

"அதுவும் சரிதான். போங்க."

விடைத்தாளோடு கிளம்பினார். கேண்டீன் குழாயைத் திறந்ததும் இரண்டு விடை கொட்டின. படிக்கட்டில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று. மொட்டைமாடியில் கும்பிட்டு நின்றபோது, கீழே தெருவில் போனவர்கள் இரண்டு பேர், "உங்களுக்குத்தாங்க ஓட்டு" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

கடைசிக் கேள்விக்குக் கட்டில் தேவைப்பட்டது. மேனேஜர் அறையில் சோபா கிடந்தது. படுத்தார். விடை வந்தது, கூடவே தூக்கமும்.

மேனேஜர் வந்து உலுக்கினார். "என்னய்யா இது?"

"கடைசிக் கேள்வி சார்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷந்தான் இருக்கு. எழுதித் தொலை."

எழுதினார். அவர்தான் முதல். அன்றிலிருந்து மச்சான் அவரை 'மாமா' என்பதை விட்டு, 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: மெக்கானிக் குடும்பம் குடியிருப்பது ஒற்றை அறை வீட்டில்.