ஏழே முக்கால் பஸ்

தனகோடி நகரில் எல்லாம் இருந்தது. பஸ் ஒன்றுதான் இல்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று மேய்ச்சல் மாடுகளே திரும்பிவிடுகிற இடத்துக்கு அப்பால், ஐந்து வருஷம் முன்பு வரை அது வேர்க்கடலைக் கொல்லை. தனகோடி என்கிற மனைத் தரகர் அதை வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டி, அதில் தன் பெயரையே எழுதிக்கொண்டார். வேறு யாரிடமாவது பெயர் கேட்டால் அதற்கும் கமிஷன் கேட்பார்களோ என்ற பயம். வளைவு வந்த மறுவருஷம் வீடுகள் வந்தன. ஒருவர் ரோஸ் வர்ணம் அடித்தால் பக்கத்து மனைக்காரர் ஆகாச நீலம் அடித்தார். ஒருவர் மாடிக்குப் படி வைத்தால் எதிர்வீட்டுக்காரர் மாடியே இல்லாமல் படியை மட்டுமாவது வைத்தார். இப்போது எழுபத்தாறாம் வருஷத்தில் எழுபது வீடு, குழல்விளக்கு, பால் டிப்போ, குழந்தைகளுக்கு ஒரு கான்வென்ட், சாயங்காலத்தில் வலை கட்டிப் பூப்பந்து.

காலையில் நகரமே மின்சார ரயிலேறிப் பட்டணத்து ஆபீஸ்களுக்குப் போகும். வண்டி செங்கல்பட்டிலேயே கிளம்புவதால் ஜன்னலோரம் நிச்சயம். தாம்பரத்தில் ஏறுகிறவர்கள் கம்பியில் தொங்கும்போது தனகோடி நகர்க்காரர்கள் செய்தித்தாளை முழு அகலத்துக்கும் விரித்துப் படிப்பார்கள். அவர்கள் பெருமை எவ்வளவு என்று கேட்டால் அந்தத் தாளின் அகலம் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ஜன்னலோரத்தைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் நடக்கவேண்டும். வெளியூர் பஸ்கள் வளைவைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும்.

இந்த இரண்டு மைலை நம்பித்தான் வச்சலா வீடு கட்டினாள்.

வச்சலா மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவனேரிக் குப்பத்துக்காரி. இருபது வருஷம் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து செங்கல்பட்டு மார்க்கெட்டில் விற்றவள். மனை வாங்க வந்தபோது மற்றவர்கள் கிழக்குப் பார்த்ததா, தண்ணீர் இனிக்குமா என்று கேட்டார்கள். வச்சலா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"என்னிக்காவது பஸ்ஸு வந்தா எங்க திரும்பும்?"

தனகோடி வளைவுக்கு அடுத்த மூலை மனையைக் காட்டினார். தெற்கு பார்த்தது, கூரான முக்கோணம், மூன்று வருஷமாக யாரும் தொடாதது. அதை வாங்கி, முன்னறைக்கு இரும்பு ஷட்டர் போட்டுக் கடையாக்கினாள். வாழைப்பழம், சோடா, பத்திரிகை, பிஸ்கட் எல்லாம் முன்வாசலில். வஞ்சிரம் பின்வாசலில். மீன் வாசனை நகரின் அந்தஸ்துக்கு ஆகாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்குப் பின்வாசல் வழி நன்றாகத் தெரியும்.

அவள் புருஷன் நீலமேகம் கட்டுமரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூட வந்துவிட்டான். வச்சலாவின் அண்ணன் பெண்டாட்டி ஆதியம்மாள்தான் குப்பம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"கடலோரம் பொறந்துட்டு கொல்லைல போய் கட வெக்கிறா. வாங்க யாரு வருவா, ஓணானா?"

"பஸ்ஸு என் வாசல்ல வந்து நிக்கும் அண்ணி. அதுல வந்து எறங்கு, கலரு சோடா ஒடச்சித் தர்றேன்."

"அது வரைக்கும் நான் உசுரோட இர்க்கணுமே."

ஒன்றரை வருஷம் ஆயிற்று. நடந்து போகிறவர்கள் அவசரத்தில் போனார்கள், களைப்பில் வந்தார்கள். இரண்டு வேளையும் கடையைப் பார்க்கவில்லை. ஆவணி வரைக்கும் பார்ப்பது, இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு மறுபடி தேவனேரிக் கரையில் கூடையோடு நிற்பது என்று வச்சலா மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தாள். ஆதியம்மாளின் முகம்தான் அந்த முடிவை நெருங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத் தலைவர் கோதண்டராமன் வளைவடியில் எல்லோரையும் கூட்டினார். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். காகிதம் கையில் இருந்தால் அவருக்கு வயது இருபது குறையும். பஸ் ஆய்வாளர் திருநாவுக்கரசு அனுப்பிய கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் படித்தார். வரும் திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு ஒரு வண்டி நகருக்கு வரும். நாற்பது பேர் ஏறினால் வண்டி தினமும் ஓடும். ஒருவர் குறைந்தாலும் வேறு ஊருக்குப் போய்விடும்.

கைதட்டல் அடங்குவதற்குள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் வசந்தா மெதுவாகச் சொன்னாள்.

"சார், திங்கட்கிழமை ஏழரை டு ஒன்பது ராகு காலம்."

தட்டிய கைகள் நின்றன. தனகோடி நகரில் திங்கட்கிழமைகளில் மட்டும் எல்லோரும் ஏழேகாலுக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம். வாரம் முழுதும் நடக்கிற நடைக்கே அப்படி. புது பஸ்ஸில் முதல் முதலாக ஏற ராகு காலமா?

கோதண்டராமன் மறுநாள் சைக்கிளில் போய் ஆய்வாளரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"செவ்வாய்க்கிழமை வைக்கக் கூடாதா என்று கேட்டேன். உங்களுக்காக வேணும்னா எமகண்டத்தில் விடட்டுமா என்கிறார். சர்க்கார் வண்டிக்குப் பஞ்சாங்கம் கிடையாதாம்."

அவர் குரல் இறங்கியிருந்தது. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் ஏறுவார், நாம் ஒருத்தர் போகாவிட்டால் என்ன என்று எழுபது வீட்டிலும் ஒரே நேரத்தில் தோன்றியது.

ஏலக்காரிக்கு முகங்களைப் படிக்கத் தெரியும். வச்சலா அன்று இரவு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோதண்டராமன் வீட்டு வாசலில் நின்றாள்.

"சாரு, மதுராந்தகத்துல ஜானகிராமன்னு ஒரு நெல்லு மண்டிக்காரரு கீறாரு. கருவாட்டு மூட்டை ஏத்த அவரு லாரிக்குப் போவேன். எங்கியாவது போறதுன்னா நல்ல நேரமாப் பாத்து கொடைய எதிர்க் கடைல கொண்டாந்து வெச்சிடுவாரு. அப்பால ராகு காலத்துல எழுந்து போவாரு. கேட்டா, நான் காலைலயே கெளம்பிட்டேம்மா, கொடையப் பாரும்பாரு."

"பரஸ்தானம்" என்றார் கோதண்டராமன்.

"பேரு எனக்குத் தெரியாது. அது செல்லுமா, செல்லாதா?"

"காசி, ராமேஸ்வரம் போகிறவர்கள் செய்கிற காரியம் அது. டவுன் பஸ்ஸுக்குப் போய்…"

"காசிக்கே செல்லும்னா டேசனுக்கு செல்லாதா? பெரிய நோட்ட வாங்கிக்கிறவரு சில்லறைய வாணாம்பாரா சாரு?"

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பஞ்சாங்கத்தை எடுத்து, அதிலே எழுதாத இடத்தையெல்லாம் புரட்டினார். முப்பது வருஷக் கோர்ட் பழக்கம், தீர்ப்பை உடனே சொன்னால் மரியாதையில்லை.

"தடை எதுவும் இல்லை" என்றார் கடைசியில். "ஆனால் மூன்று நிபந்தனை. சொந்தப் பொருளாக இருக்கணும். அடுத்தவர் இடத்தில் இருக்கணும். ஏழரைக்கு முன்னால் போய்ச் சேரணும். என் வீட்டு முகப்பில் வைக்கச் சொல்லலாம்."

"உங்க வூடு ரெண்டாவது தெரு. நீங்க கொடைய எடுத்துக் குடுக்கறதுக்குள்ள பஸ்ஸு டேசனுக்கே போய்டும். என் கட வாசல்ல வெக்கட்டும்."

"மீன் வாடை அடிக்குமேம்மா."

"ஊதுபத்தி வெக்கிறேன்."

"கட்டு ஊதுபத்தியா, ஒண்ணு ரெண்டா?"

"கட்டு" என்றாள் வச்சலா. பேரம் படிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் நின்றால் விலை ஏறும். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று பகல் பூராவும் கோதண்டராமன் வீடு வீடாகப் போய்த் தன் தீர்ப்பைச் சொன்னார். யோசனை யாருடையது என்பது தெருவுக்குத் தெரு கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோய், கடைசித் தெருவில் அவருடையதாகவே ஆகிவிட்டது. வச்சலா அதைக் கேட்டுக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்தால் போதும், யோசனையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை ஆறரைக்குப் பொருள்கள் வர ஆரம்பித்தன. குடைகள், தோல் பைகள், வசந்தாவின் கைப்பை, ஒரு தொப்பி. பாங்கிக்காரர் ஒருவர் பூப்பந்து மட்டையை நீட்டினார்.

"ஆபீசுக்கு இது எதுக்கு சாரு?"

"மத்ததெல்லாம் இப்ப வேணும்மா. இது ஒண்ணுதான் வீட்ல சும்மா கிடக்குது."

இன்னொருவர் ஒற்றைச் செருப்போடு வந்தார்.

"ஒத்தக் காலுதான் போவுமா?"

"இன்னொண்ண போட்டுக்கினுதான வீட்டுக்குத் திரும்பணும்."

வச்சலா கரையில் மீனைக் கூறு கட்டுவது போல, சாலையோரம் விளக்குக் கம்பத்திலிருந்து கடை வரைக்கும் அவற்றை வரிசையாக அடுக்கினாள். மேற்பார்வைக்கு வந்த கோதண்டராமன், "அந்தத் தொப்பி கோணலா இருக்கு" என்றார். ஊதுபத்தி ஒரு கட்டுதானா என்று எண்ணிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போனார். பொருளை வைத்தவர்களும் போனார்கள். திங்கட்கிழமையில் தனகோடி நகர் இரண்டாவது காபி குடித்தது அன்றுதான்.

ஏழு நாற்பதுக்கு வளைவுக்குள் பஸ் திரும்பியது. வச்சலா ஒன்றரை வருஷத்துக்கு முன் மனதில் போட்ட கோட்டிலேயே திரும்பி, அவள் வாசலில் நின்றது. திருநாவுக்கரசு இறங்கினார். வரிசையைப் பார்த்தார். ஆளில்லாத தெருவைப் பார்த்தார்.

"மனுசங்க எங்க?"

"அவங்க அப்பவே பொறப்ட்டாங்க சாரு."

"இந்தாம்மா, கொடைக்கெல்லாம் டிக்கெட் போட முடியாது. செருப்புக்கு அர டிக்கெட் கேப்பீங்க போல."

"வூட்ட வுட்டு வந்துகினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு வச்சலா புருஷனுக்குக் கண் காட்டினாள். நீலமேகம் இரும்பு ஷட்டரை முழுவேகத்தில் மேலே தள்ளினான். அந்தச் சத்தம் மூன்று தெருவுக்கும் கேட்டது. முதலில் ஒரு கேட் கிரீச்சிட்டது. பிறகு பத்து. ரோஸ் வீட்டிலிருந்தும் நீல வீட்டிலிருந்தும் டிபன் டப்பாவும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். ஒற்றைச் செருப்புக்காரர் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு, தாங்கள் ஏற்கெனவே கிளம்பி வெகு நேரம் ஆனவர்களைப் போல நிதானமாக ஏறினார்கள்.

திருநாவுக்கரசு படிக்கட்டில் நின்று எண்ணினார். வச்சலா கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்திருந்த தன் கூடையை எடுத்துக்கொண்டு கடைசியாக ஏறினாள்.

"முப்பத்தொம்போது" என்றார் அவர்.

வச்சலா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நீலமேகத்தைக் கூப்பிடலாமென்றால் அவன் எந்தப் பொருளும் வைக்கவில்லை, வெறும் ஆளாக வந்தால் ஏறியவர்களில் நாலு பேர் சகுனம் கெட்டது என்று இறங்கிவிடுவார்கள். வளைவடியில் கோதண்டராமன் மட்டும் நின்றிருந்தார்.

"சாரு, ஏறுங்க."

"எனக்கு ஆபீசும் இல்லை, பரஸ்தானமும் வைக்கலை. தீர்ப்புச் சொன்னவனே மீறலாமா? அது போகட்டும், காலையிலிருந்து என் கைத்தடியைக் காணோம்."

வச்சலா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். சாலையோரம் எல்லாம் எடுத்தான பிறகு ஒரே ஒரு பொருள் மிச்சமிருந்தது. வரிசையின் கடைசியில், ஊதுபத்திக்குப் பக்கத்தில், வெள்ளிப்பூண் போட்ட பிரம்புத் தடி.

"ஊதுபத்திய எண்ணச்சொல்ல என் கட மேல சாச்சிட்டுப் போனீங்க. நான் வரிசைல வெச்சிட்டேன். உங்க சொந்தத் தடி, என்னோட எடம், மணி ஆறே முக்காலு. நீங்க சொன்ன மூணும் கீது. தடி அப்பவே கெளம்பிடிச்சி சாரு, நீங்கதான் லேட்டு."

பஸ்ஸுக்குள் யாரோ சிரிக்க, முப்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். கோதண்டராமன் தடியைப் பார்த்தார். அதன் மேல் அப்பீலுக்கு இடமில்லை. தடியை ஒரு கையிலும் வேட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"நாப்பது" என்று திருநாவுக்கரசு பென்சிலை எடுத்தார். "அம்மா, நீங்க எங்க டிப்போவுக்கு வந்தா நாங்கள்லாம் பொழைக்க முடியாது."

எட்டுப் பத்து ரயிலில் அன்று தனகோடி நகரின் செய்தித்தாள்கள் வழக்கத்தைவிட அகலமாக விரிந்தன.

ஆடி பிறப்பதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கம்பத்தில் 'தனகோடி நகர்' என்று பலகை அடித்தார்கள். ஆனால் கண்டக்டருக்கு மூச்சைச் செலவழிக்க மனமில்லை. காலையில் சோடா குடிக்கிற இடத்தின் பெயரைச் சொன்னார். தனகோடி நேரில் வந்து ஆட்சேபம் சொன்னார், வளைவைக் காட்டினார். கண்டக்டர் வளைவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுநாளும் அதையேதான் சொன்னார். ஒரு மாசத்தில் கோதண்டராமனே காசை நீட்டி, "வச்சலா கடை ஒண்ணு" என்று கேட்டதை வசந்தா தன் காதால் கேட்டாள்.

ஆவணி முதல் ஞாயிறு, தேவனேரியிலிருந்து ஆதியம்மாள் வந்தாள். வெளியூர் பஸ் வளைவைத் தாண்டி அவளைச் செங்கல்பட்டு ஊருக்குள் கொண்டுபோய் இறக்க, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வச்சலா சில்லறை கொடுக்கிற கையை நிறுத்தவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டுத் தலையை மட்டும் தூக்கினாள்.

"வச்சலா கட, வச்சலா கட எறங்கு" என்று விசில் கொடுத்தார் கண்டக்டர்.

ஆதியம்மாள் ஒரு பெரிய மீன்கூடையோடு, கடையின் முன்வாசல் பக்கமாகவே இறங்கி நின்றாள்.

"இன்னாடி, அந்த ஆளு இன்னா பேரு சொன்னான்?"

"காதுல வுழலியா அண்ணி?"

"வுழுந்துது. இன்னொரு தபா கேக்கலாமேன்னு பாத்தேன்."

வச்சலா சோடாப் பெட்டியைத் திறந்தாள். "எந்தக் கலரு?"

ஆதியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பாட்டில்களை ஏலத்துக்கு வந்தவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்த செவப்பு" என்றாள். "பெரிய பாட்டிலு."