தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி

எங்கள் ஊர் கேரவன் கடையில், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்தச் சக்கர வீட்டைக் கையால் தள்ளிப் பார்த்து வாங்கிய ஒரு கிழவியைப் பற்றி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அந்தக் கிழவி நான்தான். சிரிக்கட்டும், எனக்கென்ன.

போன குளிர்காலத்தில் என் கணவர் கிளைவ் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். கிளைவின் பார்வையின் நடுவில் ஒரு புகைமூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரங்கள் தெரியும், நேர் எதிரே இருப்பது தெரியாது. கல்யாணமான காலத்திலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வளைகுடாக் கரைக்குக் கேரவனை இழுத்துப் போனவர் அவர். என் வேலை பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துக் கொடுப்பது மட்டும். தடை வந்த மறு வாரமே பெரிய கேரவனை விற்றுவிட்டார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று நண்பர்களிடம் சொன்னார். கண்ணைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதன் பிறகு வானொலிப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியே கதி என்று கிடந்தார். கிரிக்கெட், தூக்கம், மறுபடி கிரிக்கெட். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னதா, லேசா ஒண்ணு வாங்கலாம். நான் இழுக்குறேன்," என்றேன் ஒரு நாள்.

"நீயா? கடை வாசல்ல காரை நிறுத்தவே மூணு தடவ முன்னாடி பின்னாடி போவியே!"

"நாலு தடவகூடப் போவேன். எனக்குக் கண்ணு தெரியுதே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ சிரித்துவிட்டார். சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"சரி. ஒரே ஒரு ஈஸ்டர். சரிப்பட்டு வரலேன்னா வித்துட்டு வீட்ல கெடப்போம். அப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அந்த ஒரு ஈஸ்டர் கெட்டால் மனுஷர் அந்த நாற்காலியை விட்டு எழவே மாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

இழுத்துக்கொண்டு போவது ஒன்றும் எனக்குப் பயமில்லை. காரை ரிவர்ஸ் எடுத்து, கேரவனை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பயம். வளைகுடாக் கரையில் கேரவன்களை நிறுத்தித் தங்குகிற எங்கள் பூங்காவில் சாயங்காலமானால் எல்லோரும் மடக்கு நாற்காலியைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டு, பீரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் கேரவனைப் பின்னால் எடுப்பதை வேடிக்கை பார்க்கத்தான். புருஷன் கத்துவான், பெண்டாட்டி கையை ஆட்டுவாள், கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்துக்கே தலைவர் கிளைவ். மார்க் வேறு போடுவார்.

கேரவன் கடைக்குப் போனோம். ட்ராய் என்ற விற்பனைப் பையன் கிளைவின் தோளில் கை போடாத குறையாக ஒட்டிக்கொண்டான்.

"அண்ணே, உங்க காருக்கு இது பஞ்சுண்ணே. நீங்க ஓட்டுற ஓட்டுக்கு..."

"ஓட்டப் போறது நான், தம்பி," என்றேன். "இந்தப் பக்கம் திரும்பிப் பேசு."

உடனே எனக்குத் திரைச்சீலை காட்ட ஆரம்பித்தான். "அம்மா, மைக்ரோவேவ் பாத்தீங்களா?"

"வீட்ல ஒண்ணு சும்மாதான் கெடக்கு. பின்னால எடுக்கச் சுலபமா இருக்குமா, அதச் சொல்லு."

"சின்ன வண்டிதானேம்மா, தானா போயிடும்," என்றான் அவன். "அதானே," என்றார் கிளைவும். பெரிய வண்டியைத் தவிர வேறெதையும் இழுத்தறியாத மனுஷர். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்காவது ஏடாகூடமாக மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கை கட்டி நிற்பது? அவன் காட்டியதற்கெல்லாம் பிரேக்கை விடுவிக்கச் சொல்லி, என் கையால் நகர்த்த முடிகிறதா என்று தள்ளிப் பார்த்தேன். கழிப்பறையும் குளிர்பெட்டியும் வைத்தது அசையவே இல்லை. அடுத்தது அசைந்தது, கூடவே என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. மூலையில் முட்டை வடிவில் ஒன்று நின்றது. உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, அவ்வளவுதான். கை வைத்துத் தள்ளினேன், நகர்ந்தது.

"இதுக்குள்ள நின்னா தலை இடிக்குமே," என்றார் கிளைவ்.

"குனிஞ்சுக்கோ."

அதையே வாங்கினோம்.

ஈஸ்டருக்கு வழியெல்லாம் நன்றாகத்தான் போனது. பூங்காவுக்குள் நுழையும்போது, என் நேரம், நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. முதல் வரிசையில் மெர்வ், கிளைவோடு காலமெல்லாம் மீன் பிடித்தவர்.

"டேய் கிளைவ், கோழிக்கூட்டையா இழுத்துட்டு வந்திருக்கே?" என்று கத்தினார். அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

சின்ன வண்டி தானாகப் போகும் என்று சொன்னவன் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். பெரியது மெதுவாகத் திரும்பும், சரிசெய்ய நேரம் கொடுக்கும். இது ஸ்டியரிங்கைத் தொட்டாலே ஆட்டுக்குட்டி மாதிரி குறுக்கே துள்ளியது. ஒரு தடவை தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனது, மறு தடவை மெர்வின் கூடாரத்தைப் பார்த்துப் போனது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

பொறுக்க முடியாமல் கிளைவ் இறங்கிப் பின்னால் போய் நின்றார். "வா, வா, நேரா வா!" என்று கையை ஆட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். அவருக்கும் வண்டிக்கும் நடுவில், அவர் மூக்குக்கு நேராக, கேரவன்களுக்கு மின்சாரம் எடுக்கிற கம்பம் நின்றது. அதன் மேலேயே என்னை வரச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தேன்.

"கிளைவ், கம்பம் தெரியலையா ஒனக்கு?" என்றார் மெர்வ், தணிந்த குரலில்.

கிளைவின் கை அப்படியே தாழ்ந்தது. முடிந்தது கதை, இனி நாற்காலிதான், வானொலிதான் என்று நினைத்தேன். கூடவே கோபமும் வந்தது. இறங்கினேன். வண்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, முன்னாலிருக்கும் குட்டிச் சக்கரத்தை இறக்கித் தள்ள ஆரம்பித்தேன். பாதையில் உருண்டது. புல் ஓரத்து மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது.

மெர்வ் எழுந்து வந்தார். அதற்குள் கிளைவ் வண்டியின் பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்து, என் அருகில் தோளைக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம்?"

"இடது. கொஞ்சம். இப்ப நேரா."

தள்ளினோம். மணலிலிருந்து ஏறி, கம்பத்துக்கு இந்தப் பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

கிளைவ் நிமிர்ந்து, கூட்டம் இருந்த திசையில் திரும்பினார். "கண்ணு போச்சு, மெர்வ். ஒன் காது ரெண்டும் தெரியுது. நடுவுல மூஞ்சியக் காணோம்."

"நீ கொடுத்து வச்சவன்டா," என்றார் மெர்வ். "என் பொண்டாட்டி இந்த மூஞ்சியத் தெனமும் பாத்துத் தொலைக்கிறா."

முதலில் சிரித்தது கிளைவ்தான். மெர்வ் தன் நாற்காலியையே கொண்டுவந்து அவருக்குப் போட்டு, கையில் ஒரு பீரைத் திணித்தார். "இத மொதல்லயே சொன்னா என்ன, மடையா?" என்று திட்டினார்.

சற்று நேரத்தில் வேறொரு பெரிய கேரவன் உள்ளே வந்தது. கிளைவ் என் கையைத் தட்டினார். "என்ன பண்றான், சொல்லு."

"குழாயப் பாத்துப் போறான். பொண்டாட்டி கைய ஆட்டுறா. இவன் பாக்கல."

"மூணு மார்க்," என்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "அந்தக் குட்டிச் சக்கரத்த அகலமா மாத்திடணும், லோர்னா. மணல்ல புதையுது. அடுத்த ஈஸ்டருக்குள்ள."

"மாத்திடலாம்," என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கெண்டி எடுக்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போனேன். பின்கதவைத் தூக்கி அடுப்புப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, ஆசை தீர அழுதேன்.