ஒரே சாயங்காலம், இரண்டு அஸ்தமனம்

ஒரே சாயங்காலத்தில் சூரியனை இரண்டு தடவை அஸ்தமிக்க வைத்தவன் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு நேரம் இருக்காது.

நூலகத்துப் புகைப்படக் கண்காட்சிக்குப் படம் கொடுக்க மறுநாள் காலை கடைசி. போன வருஷம் நான் கொடுத்த படத்தில் பாதி கோட்டை, பாதி என் கட்டைவிரல். "இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்க, கேமரா பரண் மேல போயிடும்" என்று மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். என் வாயை நம்பமுடியாது என்று சாட்சிக்குத் தன் தம்பியையும் கூட அனுப்பினாள்.

மச்சான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அளக்க முடியாத எதையும் நம்பமாட்டான். எங்கள் கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் அளக்க ஆரம்பித்தவன், இன்னும் முடிக்கவில்லை.

இடிந்த கோட்டையின் முற்றத்தில் கேமராவை நிறுத்தினேன். சாய்ந்த வெயிலில் கல்லெல்லாம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினதுபோல் செக்கச்செவேலென்று இருந்தது. உடைந்த ஜன்னல் வளைவுக்குள் சூரியன் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"மாமா, அது எவ்வளவு நேரம்தான் போஸ் குடுக்கும்?"

தட்டினேன், உலுக்கினேன், கெஞ்சினேன். அதற்குள் சூரியன் எதிர்க் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மச்சான் நோட்டை எடுத்தான். "ஆறு பத்து. சூரியன் மறைந்தது. படம் இல்லை." வாய்விட்டுப் படித்தே எழுதினான்.

நெஞ்சில் கை வைத்தேன். சட்டைப்பையில் பேட்டரி!

முப்பத்தைந்து வருஷம் லிப்ட் மெக்கானிக். கை வைக்கும் முன் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். இல்லாவிட்டால் நான் உள்ளே இருக்கும்போது எவனாவது பட்டனை அமுக்கிவிடுவான். லென்ஸைத் துடைக்கும் முன்பும் கை அதே வேலையைச் செய்திருக்கிறது. மச்சான் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த மதிலும் விழுந்திருக்கும்.

அண்ணாந்து பார்த்தேன். கோட்டைக் கோபுரத்து உச்சியில் மட்டும் வெளிச்சம். இதை எத்தனை கட்டிடங்களில் பார்த்திருக்கிறேன்!

"மச்சான், சூரியன் கீழ்த்தளத்துலதான் போயிருக்கு. மேல்மாடியில இன்னும் இருக்கு!"

"வெயில் தலைக்கேறிடுச்சு உங்களுக்கு."

"வெயிலே இல்லைன்னு நீதானே எழுதின?"

ஓடினேன். நாலாயிரம் படிகள். மச்சான் கணக்கில் எழுபத்திரண்டு. என் முழங்கால்கள் கிரீஸ் காணாத லிப்ட் கதவு மாதிரி கத்தின. புறாக்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. உச்சிக்குப் போனால், குன்றின் தலைமேல் சூரியன், எனக்காகவே இடம் பிடித்து வைத்த மாதிரி! உடைந்த மதில் முனைகளெல்லாம் தங்க விளிம்பு கட்டி நின்றன. பேட்டரியைப் போட்டு அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். சூரியன் இரண்டாவது தடவையாக முழுகியபோது பின்னால் புறா இறக்கை அடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். திரும்பினால் மச்சான், நாக்குத் தள்ளியபடி, மூச்சு வாங்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே பரணுக்கான ஏணியைச் சாய்த்து வைத்திருந்தாள் மனைவி. படத்தைப் பார்த்தாள். தம்பியின் நோட்டைப் பார்த்தாள்.

"இதுல ஆறு பத்துக்கே மறைஞ்சிடுச்சு. படத்துல ஆறு பதினாலுன்னு போட்டிருக்கு. நேரத்தை மாத்தி வெச்சு யார் காதுல பூ சுத்துறீங்க?"

"ரெண்டு தடவை மறைஞ்சதும்மா! புறாவெல்லாம் கை தட்டிச்சு, தெரியுமா?"

"நீங்க பேசாதீங்க. டேய், நீ சொல்லு."

மச்சான் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தான். நோட்டை வாங்கி, 'படம் இல்லை' என்பதை அடித்தான். எனக்கு முகம் கொடுக்காமல் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு தடவைதான்க்கா. என் கண்ணால பார்த்தேன். ஆனா கை தட்டினது புறா இல்ல, நான்."