நாலாவது மாடிக்கு வராத படம்

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை இரண்டாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பெற்றவள் நாலாவது மாடியில். காய்ச்சல் இறங்கும்வரை குழந்தைப் பக்கமே விடமாட்டோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பன்காரனுக்கு என்ன கேடு? அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான் மருந்துக்கடை பார்க்கிறான். மகனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியிடம் வந்தாலும் பிள்ளைப் பேச்சு எடுத்ததும் நழுவிவிடுவான்.

"பார்த்தா மனசு ஒட்டிக்கும். அப்புறம் ஏதாச்சும் ஆயிட்டா என்னால தாங்க முடியாது" என்று தங்கையிடம் சொன்னான்.

தங்கைதான் அந்த ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் பார்ப்பவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் நெட் குடுக்கற. எனக்கு என் புள்ளைய காட்ட மாட்டியா?" என்றாள் அண்ணி.

"காட்டாம விடுவேனா, அண்ணி?"

பெட்டிமேல் உள்ள கேமரா படத்தை ஒரே தடவைதான் அனுப்பும். எந்தத் திரை கேட்கிறதோ அந்தத் திசைக்கு மட்டும், மாடிக்கு மாடி நெட்வொர்க்கை இணைக்கும் ஸ்விட்சுகள் அதை நகலெடுத்துத் தர வேண்டும். மல்டிகாஸ்ட் என்பது அவ்வளவுதான். அண்ணியின் கட்டிலோரத் திரைக்கும் அண்ணனின் கடைக் கம்ப்யூட்டருக்கும் அனுமதி போட்டாள். கடைத் திரையில் ஒரு பொத்தானைக் காட்டி, "மனசு வந்தா இதை அமுக்குண்ணா" என்றாள். அவன் காதில் வாங்காமல் மாத்திரை அட்டைகளை அடுக்கினான்.

ஸ்விட்சுகளில் வேலை முடிந்தது. இரண்டாவது மாடி நர்ஸ் மேசையில் படம் ஜோராக ஓடியது. நாலாவது மாடியில் கும்மிருட்டு! ஸ்விட்சை வாய்க்கு வந்தபடி திட்டினாள், அதில் எழுதிய கட்டளைகளை அழித்து மறுபடி எழுதினாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் லேப்டாப்பில் கேமராவின் அமைப்பைத் திறந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அனுப்பும் படத்துக்கு அது ஒன்று என்று ஆயுள் போட்டிருந்தது. இங்கே மாடிக்கு ஒரு நெட்வொர்க்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போதெல்லாம் ஆயுளில் ஒன்று கழியும். அப்புறம் மாடி ஏறுவது எங்கே?

"அடப்பாவி கேமராவே! பழியெல்லாம் ஸ்விட்சு தலையிலயா?"

ஆயுளைப் பதினாறாக்கினாள். திரை சட்டென்று வெளுத்தது. உள்ளங்கை அகல முகம் ஒன்று தெரிந்தது.

"ஐயோ, என் தங்கமே!" அண்ணி அழுதாள், சிரித்தாள். "மூக்கு அப்படியே உன்னோடது. பாவம் புள்ள."

"இவ்ளோ பாடுபட்டதுக்கு இதுதான் கூலியா?"

குழந்தை வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி விட்டது.

வேலை சரிதானா என்று லேப்டாப்பில் ஸ்விட்சைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படம் நாலாவது மாடிக்கு மட்டும் போகவில்லை. இன்னொரு கிளை கீழ்த்தளத்துக்கு இறங்கியிருந்தது, மருந்துக்கடைக்கு.

"அண்ணி, அண்ணனும் பார்த்துக்கிட்டிருக்கான்!"

"சும்மா சொல்லாத."

"கேட்டாத்தான் அந்தப் பக்கம் அனுப்பும், அண்ணி. கேட்டிருக்கான்."

அண்ணியின் போன் அடித்தது. மறுமுனையில் அவன் குரல் உடைந்திருந்தது.

"ஏய்... கொட்டாவி விட்டான், பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றாள் அவள். "நான்தான் வர முடியாது. நீங்க போய்ப் பக்கத்துல நில்லுங்க. உங்களையும் சேர்த்துப் பார்க்கறேன்."