மைக்கம்மா மைக் கேட்டார்

சபையில் அவருக்கு மைக்கம்மா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் பூரிப்புத்தான். அவர் ஜெபிக்க எழுந்தால் மைக்கை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தக் குரலுக்கு அது எதற்கு? கடைசி வரிசையில் கண் அசந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து ஆமென் சொல்வார்கள்.

அந்தக் குரலை வைத்துத்தான் அவர் ஆஸ்பத்திரி ஊழியத்தை வளர்த்திருந்தார். சனிக்கிழமை தோறும் மத்தியானத்துக்கு மேல் சபைப் பெண்கள் நாலைந்து பேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கட்டில் கட்டிலாக நின்று, நோயாளியின் சம்மதம் கேட்டு, மைக்கம்மா ஜெபிப்பார். கண்ணை இறுக மூடினார் என்றால் ஆமென் சொல்லும்வரை திறக்கமாட்டார். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பது, ஆண்டவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுவது மாதிரி என்பார். சுருக்கமாக ஜெபிக்கும் வழக்கமும் அவரிடம் கிடையாது. அவர் ஆரம்பித்தால் கூட வந்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பார்கள்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை மருமகள். தையல் கம்பெனியில் வேலை, நல்ல கெட்டிக்காரி, வீட்டில் அவள் கை பட்ட எதிலும் குறை சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து ஜெபி என்றால் மட்டும் வியர்த்துக் கொட்டிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தரம் 'அன்புள்ள ஆண்டவரே' என்று ஆரம்பித்தவள் அதோடு நின்றுவிட்டாள். மீதியை மைக்கம்மா முடித்து மானத்தைக் காப்பாற்றினார். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் கூட வருவாள், பைபிளோடு ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு. ஊழியத்துக்கு வருகிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று மைக்கம்மா கிண்டல் செய்வார். அவள் சிரித்துக்கொண்டு பின்னால் நடப்பாள்.

வார்டில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. அவர் ஜெபிக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். சுவர்க் கடிகாரம்தான் என்று முடிவு கட்டி நர்ஸிடம் புகார் சொன்னார். அது நின்று மாசக்கணக்காகிறது என்றாள் நர்ஸ். இவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

உயர்த்தி உயர்த்திக் கடைசியில் குரல் போயே போய்விட்டது. தொண்டைக்குள் சின்னதாகப் புடைத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் உரக்கப் பேசவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதுவும் மெதுவாக. மைக்கம்மா வீட்டுக்கு வந்து அழுதார். தொண்டைக்காக அல்ல, பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த ஊழியம் தன் குரலோடு போய்விடுமே என்று.

போதகர் பார்க்க வந்தார். ஞாயிறு ஆராதனையில் சபை அவருக்கு நன்றி சொல்லப்போவதாகவும், இனி யார் அந்த ஊழியத்தை நடத்த வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மைக்கம்மாவின் மனதில் இருந்தது சபையின் பாட்டு டீச்சர். நல்ல குரல், வசனமும் தடையில்லாமல் வரும். எதற்கும் சனிக்கிழமை ஒரு தரம் ஜெபிக்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்று அவரையே முன்னால் நிறுத்தினார்.

முதல் கட்டிலில் பக்கவாதம் வந்த பஸ் டிரைவர். டீச்சர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். குறை சொல்ல முடியாத ஜெபம். அதுதான் மைக்கம்மாவுக்குத் தாங்கவில்லை. தன் ஜெபத்துக்கு உருகுகிற டிரைவர் இதற்கும் உருகுகிறாரா என்று பார்த்துவிட வேண்டும். உண்மையைச் சொன்னால், பொறாமைதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெபத்தின் நடுவே மைக்கம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

டிரைவர் டீச்சரைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் மறுபக்கம் மண்டி போட்டிருந்த மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்காமல் போன அவருடைய கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். நகம் வளர வளர உள்ளங்கையைக் குத்திவிடும். மருமகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் நிமிர்த்தி, நகவெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தாள். டிக். டிக். வெட்டி முடித்து உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்து, பையிலிருந்து பஞ்சுத் துணி வைத்துத் தைத்த ஒரு சின்ன உருளையை எடுத்து, விரல்களுக்கு அடியில் கொடுத்து மறுபடி மூடிவிட்டாள்.

மைக்கம்மாவுக்கு இன்னொரு கண்ணும் தானாகத் திறந்துகொண்டது.

ஆமென் சொன்ன பிறகு டிரைவரின் மனைவி மைக்கம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "என்கிட்டகூட அந்தக் கையைக் காட்ட மாட்டாரும்மா. உங்க மருமக கேட்டாத்தான் நீட்டுவார். சனிக்கிழமைன்னா காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு கிடப்பார்."

வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பார் என்பது மைக்கம்மாவுக்கும் தெரியும். தன் ஜெபத்துக்குத்தான் என்று சபையில் சாட்சியே சொல்லியிருந்தார். ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்தடுத்த கட்டில்களில் அவர் கண்ணை மூடவே இல்லை. டீச்சர் ஜெபிக்க ஜெபிக்க, மருமகள் ஒருத்திக்குச் சிக்கெடுத்துத் தலை வாரினாள், இன்னொருத்தியின் காய்ந்த உதட்டை நனைத்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வரும்போதே தலையைத் திருப்பி, கையை நீட்டித் தயாராக இருந்தார்கள். பார்க்கப் பார்க்க மைக்கம்மாவுக்கு மார்பு விம்மியது. இவள் என் வீட்டுப் பெண் என்று அந்த வார்டு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத்தான் குரல் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் தன் நாலு வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தார். "எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே அத்தை." மருமகள் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், திட்டு விழும் என்று நினைத்தாளோ என்னவோ. "விரலை நிமிர்த்துறப்ப வலிக்கும். நீங்க ஜெபிச்சா அவங்க அதைக் கேட்டுக்கிட்டே வலியை மறந்துடுவாங்க. அந்த நேரத்துல வெட்டிடுவேன். நீங்க சீக்கிரம் முடிச்சுட்டாத்தான் எனக்குக் கஷ்டம்."

நீளமாக ஜெபிக்கிறார் என்று சபையே முணுமுணுத்த ஜெபத்துக்கு, நீளம் போதவில்லை என்று சொன்ன ஒரே ஆத்மா இவள்தான். மைக்கம்மா வழி முழுக்க மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறன்று ஆராதனையில் போதகர் அவரை முன்னால் அழைத்தார். பல வருட ஊழியத்துக்கு நன்றி சொல்லிப் பேசினார், சபை எழுந்து நின்று கைதட்டியது. வழக்கம்போல ஒருவர் மைக்கை எடுத்து ஓரமாக வைக்கப்போனார். மைக்கம்மா கையை நீட்டி அதைக் கேட்டு வாங்கினார். சபை அப்படியே அடங்கியது. நாலு வார்த்தைக் கணக்கை அன்று ஒரு நாள் மறந்து, காற்றாக வந்த குரலில் அவர் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வியர்த்து, வந்து நின்றாள்.

"இது என் மருமக. நான் கண்ணை மூடிக்கிட்டு ஊழியம் செஞ்சேன். இவ திறந்துகிட்டு செஞ்சா. இனிமே நடத்தப்போறது இவதான்."

தனக்கு ஜெபிக்க வராதே என்று மருமகள் திணறினாள். ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதை எனக்கு நீ சொல்லிக்கொடு என்று முதல் வரிசையிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். சபை மறுபடியும் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மைக்கம்மாவுக்கு எழுந்த பெருமை, தனக்குத் தட்டியபோதுகூட வரவில்லை.

பிறகு போதகர் எல்லோரையும் ஜெபத்துக்கு அழைத்தார். சபை முழுவதும் கண்ணை மூடித் தலை குனிந்தது. மைக்கம்மா மூடவில்லை. பக்கத்தில் பார்த்தார். மருமகளும் மூடவில்லை. பைக்குள் கையை விட்டு, சத்தமில்லாமல் ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மூடி நிறைய வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

தொண்டைக்கு இதமாக இருந்தது. மைக்கம்மா ஆமென் வரும்வரை அதை மெதுவாகக் குடித்தார்.