ரோல்ஸ் சுமந்தவன்

பனியைத் தோண்டிப் பாருங்கள். உள்ளே நீலம் இருக்கும். வானத்து நீலம் இல்லை. அடியில் யாரோ விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டு, நமக்காகக் காத்திருப்பது போன்ற நீலம்.

மார்கழி முழுக்கக் காணாமல் போயிருந்த சூரியன் திரும்பி வந்த கிழமை அது. வட நோர்வேச் சூரியனுக்கு வெட்கம் அதிகம். மலைவிளிம்பில் தலை காட்டும். யாராவது பார்த்துவிட்டால் இறங்கிவிடும்.

நாங்கள் மூன்று பேர். நான், வாகீசன், அருந்தவம். ஒரே மீன் தொழிற்சாலையில் ஒரே குளிரில் நடுங்கியவர்கள். அந்தக் குளிர் போதாதென்று, லீவு நாளில் பாதையில்லாத மலையில் காலில் ஸ்கீக் கட்டைகளோடு நடந்து ஏறி, சறுக்கி இறங்குபவர்கள்.

வாகீசன் இறங்கினால் பனியில் ஒரு கையெழுத்து. தவம் இறங்கினால் நேர்கோடு. நான் இறங்கினால் மாடு உழுத வயல்.

ஏறுமுன் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சின்னப் பெட்டி. பனி சரிந்து ஆளை மூடினால் அது அடியிலிருந்து கூப்பிடும். மேலே நிற்பவனின் பெட்டி அதைக் கேட்டு வழி காட்டும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதன் குரல் கம்மிவிடும்.

அதனால் வீட்டுத் திறப்பு, சில்லறை, போன், எல்லாம் முதுகுப்பைக்குள் போயின. தவம் கல்யாணச் சங்கிலியைக்கூடக் கழற்றினான். பெட்டிகளைப் பேசவிட்டுப் பார்த்தோம். மூன்றும் பேசின. மூன்றும் கேட்டன.

பிறகுதான் வாகீசன் ரோல்ஸை எடுத்தான்.

விடிய எழும்பி அவனே பொரித்த மீன் ரோல்ஸ். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றியது. போனமுறை முதுகுப்பையில் உறைந்ததைத் தின்றுவிட்டு, றப்பர் செருப்பு மாதிரி இருக்கிறதென்று நான் வழிநெடுக முனகியிருந்தேன்.

ஜாக்கெட்டைத் திறந்தான். பொதியை நெஞ்சோடு வைத்தான். பெட்டிக்கு மேலே.

"உனக்காகத்தான்டா அடைகாக்கிறன். குஞ்சு பொரிச்சா நீதான் பேர் வைக்கோணும்."

"கோழி, கதைக்காம முன்னால நட," என்றான் தவம்.

சிரித்தோம். ரோல்ஸை யார் உலோகம் என்று நினைப்பார்கள்?

ஏறினோம். மூச்சு. கட்டை உரசும் சத்தம். மூச்சு. உச்சியில் எங்கள் மூன்று நிழல்களும் பள்ளத்தாக்கு வரை நீண்டு கிடந்தன. வாழ்க்கையில் நான் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

எனக்குப் பசித்தது. எனக்கு எப்போதும் பசிக்கும்.

"இறங்கித் தின்னுவம். இப்ப தந்தா நீ உருண்டுதான் வருவாய்," என்றான் வாகீசன்.

அவன்தான் முதலில் இறங்கினான். கையெழுத்துப் போடத் தொடங்கினான். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. பிறகு மலை தாளையே இழுத்துக்கொண்டது.

பெரிய சத்தமில்லை. கட்டில் விரிப்பை உதறும் சத்தம். பிறகு வெள்ளை. பிறகு ஒன்றுமில்லை.

தவம் போனில் உதவி கேட்டான். எங்கள் பெட்டிகளின் விசையைத் தேடும் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கினோம். அவன் பெட்டியின் குரல் எட்டுமென்று படித்த தூரத்தை நம்பி, அகல அகலமாக நடந்தோம். பெட்டி பேசவில்லை. திரும்பினோம். பேசவில்லை. அவனுக்குப் பக்கத்தாலேயே கடந்து போயிருக்கிறோம்.

"கோழி! டேய் கோழி! சத்தம் போடடா!"

தவம் கத்தினான். மலை திருப்பிக் கத்தியது. கோழி கத்தவில்லை.

மூன்றாம் முறை, என் கால் புதைந்த இடத்தில், பெட்டி மெல்ல முனகியது. தொண்டை கட்டியவன் கூப்பிடுவதைப் போல. நீளக் கம்பியைப் பனிக்குள் குத்தினோம். பட்டது. சவளால் அள்ளினோம். பிறகு கையால் அள்ளினோம்.

நீலம். நீலம். நீலத்துக்குள் அவன் முகம்.

ஜாக்கெட்டைத் திறந்து கையை வைத்தேன். சூடு! "தவம், சுடுதடா!" என்று கத்தினேன். சிரித்துக்கூட இருப்பேன். ஊதினோம். அழுத்தினோம். ஊதினோம். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

ஹெலிகொப்டரில் வந்தவர் அவன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அலுமினியப் பொதியை எடுத்தார். பெட்டியைப் பார்த்தார். பொதியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பொதியைப் பனியில் வைத்தார். அவர் திட்டியிருக்கலாம்.

அவனை முதலில் கொண்டு போனார்கள். எங்களுக்குத் திரும்பி வருவார்களாம். குழியின் விளிம்பில் உட்கார்ந்தோம்.

நான் பொதியைப் பிரித்தேன்.

"உனக்கென்ன விசரே?" என்றான் தவம். பிறகு அவனும் கையை நீட்டினான்.

கடித்தேன். ஆறிவிட்டது. மீன், மிளகு, உப்பு. றப்பர் செருப்பு. ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசித் துண்டு வரை தின்றேன்.

வெட்கப்பட்ட சூரியன் இறங்கிவிட்டது. கீழே, அவன் கிடந்த அளவுக்கு ஒரு நீலம். யாரோ விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டு, காத்திருந்து, போய்விட்டதைப் போல.